கழுத்துல ஒரு கோடு: வாசகர் கேள்விகள், சிஸ்டர் பதில்கள்

போன மாசம் ஒரு வாசகி தைராய்டு ஆபரேஷன் தழும்பு எப்ப மறையும்னு கேட்டிருந்தாங்க, நானும் இடம் இல்லாததால "ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஆகும்மா, பொறுமையா இருங்க"ன்னு ரெண்டே வரியில முடிச்சுட்டேன். அது பத்தவே பத்தாதுன்னு அப்புறம் வந்த கடிதங்களை படிச்சதும் புரிஞ்சது. என்ன ஆயின்மென்ட் போடணும்னு கேட்டவங்க கொஞ்சம் பேர்தான், மனசு ஆறலைன்னு எழுதினவங்கதான் ஜாஸ்தி. அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க இந்த ஒரு விஷயம். எனக்கும் அதே இடத்துல அதே கோடு இருக்கு, 11 வருஷம் ஆச்சு. சர்ஜரி வார்டுல 26 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து எத்தனையோ பேர் தையலை பிரிச்சவ நான், ஆனா என் கழுத்து கட்டை பிரிச்சப்புறம் கண்ணாடி முன்னாடி போய் நிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

*

கேள்வி: சிஸ்டர், எனக்கு 27 வயசு. பாப்பிலரி கேன்சர்னு சொல்லி முழு தைராய்டையும் எடுத்துட்டாங்க, மூணு மாசம் ஆகுது. முதல் மாசம் கோடு மெல்லிசா நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப தடிச்சு கருஞ்சிவப்பா ஆகி அரிக்குது. வீட்ல வரன் பாக்குறாங்க. அம்மா "அகலமா ஒரு நெக்லஸ் போட்டுக்கோ, கல்யாணம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத"ங்கறாங்க. அழுதா "உசுரு பொழைச்சு வந்திருக்க, போயும் போயும் ஒரு கோட்டுக்கு அழறியே"ங்கறாங்க. நான் அழறது தப்பா?
பெயர் வேண்டாம், தென்காசி

பதில்: தப்பே இல்லம்மா. உசுரு பொழைச்சியேன்னு அம்மா சொல்றது உண்மைதான், ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்து அவங்க வேண்டின வேண்டுதலெல்லாம் அந்த வார்த்தையில இருக்கு, ஆனா நீ கேட்டதுக்கு அது பதில் இல்ல. பொழைச்சு வந்த நிம்மதியும் இருக்கும், தலை வாரும்போது கழுத்தை பார்த்தா பொசுக்குன்னு அழுகையும் வரும், காலையில அது, சாயங்காலம் இது. வார்டுல நான் பார்த்த பொண்ணுங்க யாரும் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது தழும்பை பத்தி வாயே திறக்க மாட்டாங்க, கேன்சரையே எடுத்து குடுத்திருக்காரு இதைப்போய் கேட்டா என்ன நினைப்பாரோன்னு ஒரு தயக்கம். அவர் அடுத்த பெட்டுக்கு நகர்ந்ததும் டிரெஸ்ஸிங் பண்ற என் கையை பிடிச்சு "சிஸ்டர், இது போயிடுமா?"ன்னு ரகசியமா கேப்பாங்க. கேன்சர் வந்த பொண்ணும் அப்படித்தான் கேட்டா, சாதா கட்டி எடுத்த பொண்ணும் அப்படித்தான் கேட்டா.

இப்ப உன் தழும்புக்கு வர்றேன். மூணாவது மாசம்தான் தழும்பு பார்க்க ரொம்ப மோசமா இருக்கிற நேரம், இதை டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லி அனுப்பியிருக்கணும், யாரும் சொல்றதில்ல. காயம் மூடின உடனே உடம்பு வேலையை நிறுத்திடாது, கொலாஜன்னு ஒரு நார்ச்சத்தை அந்த இடத்துல அள்ளி அள்ளி போட்டு ஒட்டு போடும், அதுக்கு ரத்தம் வேணும்னு புதுசா குட்டி குட்டி ரத்தக்குழாயா வளரும், அதனாலதான் ஒரு மாசத்துல மெல்லிசா இருந்தது ரெண்டு மூணு மாசத்துல தடிச்சு சிவந்து அரிக்குது. அப்புறம் மெதுவா, தேவைக்கு மேல போட்ட நாரை உடம்பே கரைச்சு அடுக்கி நேராக்கும். இந்த வேலை முடிய 12 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் ஆகும். நம்ம மாதிரி மாநிறம், கருப்பு தோலுக்கு சிவப்பு போனப்புறமும் கொஞ்ச நாள் கருப்பா நிக்கும், அதுவும் மங்கும். கோட்டுக்கு மேல தோல் லேசா உப்பி, தொட்டா மரத்து போன மாதிரி இருக்கா? ஆபரேஷன்ல அந்த தோலை மேலாக்க தூக்கி பிடிச்சுதான் உள்ள போறாங்க, குட்டி நரம்புங்க அறுபடுது, நீர் வடிய நாளாகுது. சிலருக்கு யாரோ கழுத்தை இறுக்கி பிடிச்ச மாதிரியே இருக்கும். இதெல்லாம் மாசக்கணக்குல தானா குறையும்.

செய்ய வேண்டியது: மெடிக்கல் ஷாப்ல சிலிகான் ஜெல்னு கேளு, ட்யூப்ல வரும், மெல்லிசா தடவி காய விடணும், காலையில ஒரு தரம் ராத்திரி ஒரு தரம். ஒட்டுற சிலிகான் ஷீட்டும் இருக்கு, அது ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது தோல் மேல இருந்தாத்தான் பிரயோஜனம். எதுவானாலும் விடாம மூணு மாசமாவது போடணும், பத்து நாள் போட்டுட்டு ஒண்ணும் தெரியலையேன்னு தூக்கி போட்டுடாத. வெளிய போறப்ப எஸ்பிஎஃப் 30-க்கு குறையாத சன்ஸ்கிரீனை கழுத்துக்கும் சேர்த்து தடவு, முதல் வருஷம் வெயில் பட்டா கோடு கருத்து அப்படியே தங்கிடும். இதெல்லாம் பண்ணியும் தடிப்பு ஏறிக்கிட்டே போனா தோல் டாக்டர்கிட்ட போ, டிரையம்சினலோன்னு ஒரு ஸ்டீராய்டு ஊசியை தழும்புக்குள்ளயே போடுவாங்க, நாலு வாரம் ஆறு வாரத்துக்கு ஒரு தரம், வலிக்கும், ஆனா தடிப்பும் அரிப்பும் நல்லா அமுங்கும். ஒண்ணு மட்டும் கவனி, தடிப்பு வெட்டின கோட்டுக்குள்ளயே நிக்குதா இல்ல கோட்டை தாண்டி பக்கத்து நல்ல தோல்லயும் பரவுதா? உள்ளேயே நின்னா அது நாளாக நாளாக அமுங்கற வகை. தாண்டி பரவினா கீலாய்டு, அதுக்கு காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் போகணும்.

வரன் விஷயத்துல அம்மா சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். தாலி ஏறப்போற கழுத்தும்மா அது, கட்டுறவன் மூணு முடிச்சு போடும்போது அவன் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளிதான் அந்த கோடு இருக்கும், அன்னிக்கு அவனுக்கு தெரிஞ்சா அவன் கேக்கப்போறது கோட்டை பத்தி இல்ல, ஏன் மறைச்சீங்கன்னுதான் கேப்பான். ஜாதகம் பொருந்தி பேச்சு நகர்ற கட்டத்துல நீயே போன்ல சொல்லிடு. தைராய்டுல ஒரு கட்டி, பாப்பிலரி வகை, எடுத்தாச்சு, இந்த வகையில பெரும்பாலானவங்க முழு ஆயுசு வாழறாங்க, தினம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, வருஷத்துல ரெண்டு மூணு தடவை ரத்தப் பரிசோதனை. குழந்தை பெத்துக்கலாம், மிச்சம் மீதி தைராய்டை அழிக்க ரேடியோ அயோடின்ங்கற கதிரியக்க மருந்து குடுத்திருந்தா மட்டும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் தள்ளிப் போட சொல்வாங்க, கர்ப்பமானதும் மாத்திரை டோஸ் கூட்டணும். இவ்வளவுதான் விஷயம். இதை கேட்டுட்டு போனை வைக்கிற குடும்பம் கல்யாணத்துக்கு முன்னாடியே போனது நல்லதுதான்னு அம்மாகிட்ட நான் சொன்னதா சொல்லு. இன்னொண்ணு, தழும்பு புதுசா இருக்கும்போது கனமான நெக்லஸ் உரசினா அரிப்பு கூடும், ஆறு மாசத்துக்கு அதை பீரோவுலயே வைக்க சொல்லு.

*

கேள்வி: எலுமிச்சை சாறு, வைட்டமின் ஈ கேப்சூல், மஞ்சள், தேங்காய் எண்ணெய் — இதுல எது தழும்புக்கு நல்லது?
வாசகி, கும்பகோணம்

பதில்: எலுமிச்சை வேண்டவே வேண்டாம், அதை தடவிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கருப்பு திட்டு விழும், இருக்கறது போதாதுன்னு அது வேறயா. வைட்டமின் ஈ கேப்சூலை உடைச்சு தடவுறதால தழும்பு மறையும்னு நிரூபணம் இல்ல, சிலருக்கு அலர்ஜி ஆகி சிவந்து போறதை நானே பார்த்திருக்கேன். மஞ்சள் ஆறாத காயத்துல வேண்டாம், ஆறினப்புறம் பூசி குளிக்கறது உங்க இஷ்டம், தேய்ச்சு கழுவாதீங்க. தேங்காய் எண்ணெய் விரல் வழுக்கி மசாஜ் பண்ண உதவும், அந்த மட்டுக்கு நல்லது.

*

கேள்வி: மேடம், நான் டவுன் பஸ் கண்டக்டர், 44 வயசு. தைராய்டு வீங்கி கழுத்துல கழலை பெருசாகி மூச்சு முட்டுச்சு, ஆபரேஷன் பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் முகத்துக்கு நேரா நிக்கற வேலை. டிக்கெட் வாங்கறவன் கண்ணு கழுத்துக்குத்தான் போகுது. போன வாரம் ஒரு பெரியவர் பஸ்ல எல்லார் முன்னாடியும் "என்னப்பா, கயிறு கியிறு போட்டுக்கிட்டியா, குடும்பத்துல பிரச்னையா"ன்னு கேட்டுட்டாரு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மச்சான்கிட்ட சொன்னா "ஆம்பளைக்கு என்னடா அழகு கவலை"ங்கறான். இது அழகு கவலைதானா?
வாசகர், ஈரோடு

பதில்: இல்ல தம்பி, உங்க மச்சானுக்கு விஷயம் புரியல. தைராய்டு கோளாறு பெண்களுக்குத்தான் ஜாஸ்தி வருது, அதனால தழும்பு பேச்சே பொம்பளைங்க பேச்சுன்னு ஆகிப்போச்சு, ஆம்பளைங்க வாயை திறக்கறதே இல்ல. நீங்க எழுதினதுக்கு நன்றி. அந்த பெரியவர் கேட்ட கேள்வி என்கிட்டயும் வந்திருக்கு, ரேஷன் கடை க்யூவுல, அதே வார்த்தை. எனக்கு முதல்ல கோபம் வரல, கை கால் ஜில்லுன்னு ஆச்சு. வாழணும்னு ஆசைப்பட்டு கழுத்தை கத்திக்கு குடுத்திருக்கோம், பார்க்கறவன் அதை சாக நினைச்ச அடையாளமா படிக்கிறான், அந்த தலைகீழ்தான் தூங்க விடாம பண்ணுது. அழகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

நான் கத்துக்கிட்டது, கேள்வி வந்ததும் மூணே வார்த்தை: "தைராய்டு ஆபரேஷன், நல்லாயிட்டேன்." சொல்லிட்டு டிக்கெட்டை கிழிச்சு குடுத்துட்டு அடுத்த ஆளுக்கு போயிடுங்க. விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா கேள்வி மேல கேள்வியா வரும், அவங்க சின்னம்மாவுக்கும் இருந்ததுன்னு கதை வரும், உங்க வேலை கெடும். சொல்ல மனசில்லாத நாள்ல சொல்லவே வேண்டாம், டிக்கெட் வாங்கினவனுக்கு உங்க மெடிக்கல் ரிப்போர்ட் தர வேண்டிய கடமை உங்களுக்கு கிடையாது.

ஆனா பொறுமையா கேக்கற ஒருத்தர் கிடைச்சா சொல்றதுக்கு நல்ல கதை ஒண்ணு இருக்கு. உங்க கழுத்துல இருக்கற அந்த குறுக்கு வெட்டுக்கு டாக்டருங்க நடுவுல பேரே உண்டு, கோச்சர் இன்சிஷன்னு சொல்வாங்க. தியோடர் கோச்சர்னு சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்து சர்ஜன். அந்த மலைப்பக்கம் மண்ணுல தண்ணியில அயோடின் கம்மி, அதனால ஊர் ஊரா கழலை. அவருக்கு முந்தின காலத்துல கழலையை வெட்டினா ரத்தப்போக்குல, சீழ் பிடிச்சு செத்தவங்க அவ்வளவு பேர், பல டாக்டருங்க கத்தியையே எடுக்க பயந்தாங்க. இவர் நிதானமா, ஒவ்வொரு ரத்தக்குழாயா கட்டி கட்டி, வாழ்நாள்ல 5000-க்கு மேல தைராய்டு ஆபரேஷன் பண்ணி, சாவை நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழ கொண்டு வந்தாரு. 1909-ல நோபல் பரிசு குடுத்தாங்க. முழு சுரப்பியையும் எடுத்துட்டா ஆளு ஊதி, மந்தமாயிடறாங்கன்னு 1883-லயே எழுதி வெச்சதும் அவர்தான். இன்னிக்கு நீங்களும் நானும் மாத்திரை போட்டுட்டு வேலைக்கு போறதுக்கு பின்னால அவ்வளவு பேர் பட்ட பாடு இருக்கு.

உங்க வேலைக்குன்னு ரெண்டு விஷயம். காக்கி சட்டை காலர் விறைப்பா இருந்தா கோட்டுல உரசும், வேர்வையும் டீசல் புகையும் சேர்ந்தா அரிப்பு. மேல் பட்டனை விட்டுடுங்க, மெல்லிசு காட்டன் கைக்குட்டையை உள்ளுக்குள்ள போட்டுக்கங்க, அது மறைக்க இல்ல, உரசாம இருக்க. ஜன்னல் பக்க வெயிலுக்கு சன்ஸ்கிரீன், ஆம்பளைங்க போடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல.

*

கேள்வி: எனக்கு ஆபரேஷன் ஆகி அஞ்சு வருஷம். கோடு நல்லா மங்கிடுச்சு, கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும். ஆனா தண்ணி குடிச்சாலும் சாப்பிட்டாலும் கோடு உள்ள குழிஞ்சு மேல ஏறி இறங்குது. பந்தியில உக்காந்தா எதிர்ல இருக்கறவங்க அதையே பாக்கற மாதிரி இருக்கு, இப்பல்லாம் கல்யாண வீட்ல மொய் எழுதிட்டு சாப்பிடாமயே வந்துடறேன்.
52 வயது வாசகி, மன்னார்குடி

பதில்: படிச்சதும் சங்கடமா இருந்துச்சும்மா. உங்க தழும்பு வெளிய ஆறிடுச்சு, அடியில ஒட்டிக்கிச்சு, அதான் நடக்குது. தோலுக்கு கீழ தொண்டையோட சேர்ந்து மேல கீழ போற தசைங்க இருக்கு, நடுவுல வழுக்கி போக ஒரு தளர்வான அடுக்கு இருக்கணும், ஆறும்போது அது தசையோட ஒட்டிப்போனா விழுங்கறப்பல்லாம் தோலையும் சேர்த்து இழுக்கும். இதை தடுக்கற மசாஜை, தையல் நல்லா ஆறினப்புறம் சர்ஜன் சரின்னதும், மூணு நாலு வாரத்துல ஆரம்பிக்கணும், ரெண்டு விரலை கோட்டு மேல வெச்சு தோல் நகர்ற மாதிரி அழுத்தி மேல கீழ, வட்டமா, ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தரம். புதுசா ஆபரேஷன் ஆனவங்க இந்த வரியை வெட்டி வெச்சுக்கங்க.

அஞ்சு வருஷம் கழிச்சு மசாஜ்ல கொஞ்சம்தான் நெகிழும், செஞ்சு பாருங்க, நஷ்டமில்ல. அதுக்கு மேல வேணும்னா பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட போனா ஒட்டினதை பிரிச்சு விட்டு, திரும்ப ஒட்டாம இருக்க உங்க உடம்புலயே எடுத்த கொழுப்பை நடுவுல வைக்கறாங்க, சின்ன ஆபரேஷன்தான். இந்த வயசுல இதுக்கு போய் செலவான்னு வீட்ல கேப்பாங்க. பந்தியில உக்காந்து சாப்பிட முடியலைன்னா அது செலவு பண்ண வேண்டிய விஷயம்தான்னு நான் நினைக்கறேன். விழுங்க கஷ்டமா இருந்தாலோ, கழுத்துல புதுசா கட்டி தட்டுப்பட்டாலோ, அது வேற, உடனே ஸ்கேன் பாருங்க.

*

கேள்வி: வணக்கம் சிஸ்டர். என் மனைவிக்கு 36 வயசு. மூணு மாசம் முன்னாடி ஆபரேஷன், போன மாசம் ரேடியோ அயோடின் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் தனி ரூம்ல இருந்தா. இப்ப கிச்சன்ல கூட துப்பட்டாவை கழுத்தை சுத்தி போட்டுட்டுதான் நிக்கறா. குளிச்சுட்டு கண்ணாடி பக்கமே வர்றதில்ல, ஓரத்துல அவ ஒட்டி வெச்ச ஸ்டிக்கர் பொட்டு ஆபரேஷனுக்கு முன்னாடி ஒட்டினது, அப்படியே இருக்கு. "எனக்கு உன் தழும்பு கண்ணுக்கே தெரியல"ன்னு எத்தனை தடவை சொல்லியும் கோபம்தான் வருது அவளுக்கு. நான் என்ன பண்ணணும்?
வாசகர், திருச்சி

பதில்: ஸ்டிக்கர் பொட்டை கவனிச்சிருக்கீங்களே தம்பி, அந்த கண்ணு உங்களுக்கு இருக்கு, பாதி வேலை முடிஞ்சது.

முதல்ல உடம்பு. ரேடியோ அயோடின் குடுக்கறதுக்கு முன்னாடி பல இடங்கள்ல மூணு நாலு வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்த சொல்வாங்க. சுரப்பியும் இல்ல மாத்திரையும் இல்லன்னா மனுஷி எப்படி இருப்பா? உடம்பு ஊதும், முடி கொட்டும், குளிரும், எதுலயும் பிடிப்பில்லாம அழுகை அழுகையா வரும். அதுல இருந்து மீண்டு மாத்திரை உடம்புல சரியா உக்கார மறுபடி வாரக்கணக்கு ஆகும். அதனால இப்ப அவங்களுக்கு இருக்கற சோகத்துல தழும்போட பங்கு எவ்வளவு மாத்திரை பத்தாததோட பங்கு எவ்வளவுன்னு தெரியாது, மாத்திரை திரும்ப ஆரம்பிச்சு ஆறு எட்டு வாரத்துல டிஎஸ்ஹெச் பாருங்க, மாத்திரை அளவு சரியான்னு காட்டற ரத்தப் பரிசோதனை அது. மாத்திரையை வெறும் வயித்துல போட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி, கால்சியம் மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் இடைவெளி, இது தப்பினா டோஸ் ஏறாது.

அப்புறம் அந்த தனி ரூம். மருந்தோட கதிர்வீச்சு மத்தவங்க மேல படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால தள்ளி படுத்தீங்க, தனி தட்டு குடுத்தீங்க, அவங்களுக்கும் அது தெரியும், ஆனா புதுத் தழும்போட வீட்டுக்கு வந்தவ கிட்ட யாருமே வரலைங்கறதும் நடந்திருக்கே. அறிவுக்கு காரணம் தெரிஞ்சாலும் உடம்பு வேற மாதிரி ஞாபகம் வெச்சுக்கும். அந்த நாட்களை பத்தி ஒரு தடவை உக்காந்து பேசுங்க. அந்த கெடு முடிஞ்சு போச்சு, இனிமே பக்கத்துல இருக்கறதுல எந்த பயமும் இல்லன்னு வாயால சொல்லுங்க.

"கண்ணுக்கே தெரியல"ன்னு இனி சொல்லாதீங்க. தெரியுது, உங்களுக்கும் தெரியுது அவங்களுக்கும் தெரியுது, நீங்க பொய் சொல்றீங்கன்னுதான் கோபம். எங்க வீட்டுக்காரர் ஒண்ணுமே சொல்லல. தினம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஜெல் ட்யூபை எடுத்துட்டு வந்து எதிர்ல உக்காருவாரு, விரல்ல ஒரு பட்டாணி அளவு பிதுக்கி, இந்த மாசம் கரண்ட் பில் ஏன் இவ்வளவு வந்துச்சுன்னு பேசிக்கிட்டே இடது ஓரத்துல இருந்து வலது ஓரத்துக்கு தடவுவாரு, அப்புறம் உள்ள கசியற நீர் வெளிய வடிய ட்யூப் வெச்ச அந்த சின்ன பொட்டு மாதிரி தழும்புக்கும் ஒரு துளி. ஏழு மாசம் ஒரு நாள் விடல. முதல் வாரம் நான் கண்ணை மூடிட்டுதான் உக்காந்திருந்தேன். எப்ப திறந்தேன்னு ஞாபகமில்ல. உங்க மனைவி ஒத்துக்கிட்டா நீங்களும் அந்த வேலையை எடுத்துக்கங்க, ஒத்துக்கலைன்னா வற்புறுத்த வேண்டாம், ட்யூபை மட்டும் மேஜையில கண்ணுக்கு தெரியற மாதிரி வைங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைஞ்சே இருந்தா, இல்ல வாழ்ந்து என்னன்னு ஒரு வார்த்தை வந்தா, அன்னிக்கே மனநல டாக்டரை பாருங்க. 14416 டெலி மானஸ், அரசாங்க இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம்.

*

கேள்வி: என் மகளுக்கு 16 வயசு, தைராய்டுல ஒரு கட்டி, எடுக்கணும்கறாங்க. காது குத்தின இடத்துல அவளுக்கு ஏற்கனவே கீலாய்டு இருக்கு. கழுத்துலயும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. தழும்பே இல்லாம வாய் வழியா பண்றாங்களாமே, நிஜமா?
ஒரு தாய், மதுரை

பதில்: நிஜம்தான். கீழ் உதட்டுக்கு உள்பக்கம் மூணு சின்ன ஓட்டை போட்டு, தாடைக்கு அடியில கேமராவை கொண்டு போய் எடுக்கறாங்க. தாய்லாந்து சர்ஜன் அங்கூன் அனுவாங் 60 பேருக்கு பண்ணதை 2016-ல வெளியிட்டப்புறம் உலகம் பூரா பரவுச்சு, நம்ம நாட்டுலயும் பெரிய ஊர்கள்ல பண்றவங்க இருக்காங்க. கொரியாவுல அதுக்கு முன்னாடியே அக்குள் வழியா ரோபோ வெச்சு ஆரம்பிச்சுட்டாங்க, அங்க இளம் பெண்கள் கழுத்துல கோடு விழறதை அவ்வளவு பெருசா நினைச்சதுதான் அதுக்கு ஒரு முக்கிய காரணம். தழும்பே இல்லைங்கறதை விட தழும்பு வேற இடத்துல இருக்குன்னு சொல்றதுதான் சரி. உங்க மகளுக்கு கீலாய்டு உடம்புங்கறதால இந்த வித்தியாசம் முக்கியம்: மார்புப்பக்கம், தோள்பட்டை எல்லாம் கீலாய்டு சுலபமா வர்ற இடம், அந்த பக்கம் ஓட்டை போடற முறைன்னா கழுத்துக்கு பதில் அங்க வரலாம். வாய்க்குள்ள தோல் இல்ல, ஈரமான சவ்வு, அது தடிக்காம ஆறும்.

ஆனா எல்லாருக்கும் பண்ண முடியாது. கட்டி ரொம்ப பெருசா இருந்தா, கேன்சர் பக்கத்து நெறிக்கட்டிக்கு போயிருந்தா, முன்னாடியே கழுத்துல ஆபரேஷன் ஆகியிருந்தா பழைய முறைதான் பாதுகாப்பு. நேரம் ஜாஸ்தி ஆகும், செலவும் ஜாஸ்தி, தாடை கொஞ்ச நாள் மரத்திருக்கலாம். ஊசி பரிசோதனையில சாதா கட்டின்னு உறுதியானா ஊசி விட்டு சூடு குடுத்து சுருக்கற முறையும் சில இடத்துல இருக்கு, வெட்டே இல்ல, அதையும் கேளுங்க. சர்ஜன்கிட்ட நேரா கேக்க வேண்டியது: நீங்க இந்த முறையில எத்தனை பேருக்கு பண்ணியிருக்கீங்க? குரல் நரம்புக்கும், கால்சியத்தை பாத்துக்கற பாராதைராய்டுக்கும் என்ன பாதுகாப்பு? கோடு தெரியாம இருக்கணும்னு குரலை பணயம் வைக்கக் கூடாது.

பழைய முறைதான்னு முடிவானாலும் பயப்படாதீங்க. நம்ம கோயில் செப்புத் திருமேனிங்க கழுத்தை பார்த்திருப்பீங்க, அம்மன் கழுத்துல மூணு வரி இருக்கும், சங்கு கழுத்துன்னு அதைத்தான் கொண்டாடுவாங்க. நம்ம கழுத்துலயும் அந்த மாதிரி மடிப்பு வரி இயற்கையாவே இருக்கு. நல்ல சர்ஜன் அந்த வரியிலயேதான் வெட்டுவாரு, அப்பதான் ஆறினப்புறம் கோடு வரியோட வரியா போயிடும். அதுக்கு ஆபரேஷன் அன்னிக்கு மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி, அவளை நேரா உக்கார வெச்சு பேனாவால குறி போடணும். படுக்க வெச்சு கழுத்தை பின்னால சாய்ச்சப்புறம் குறி போட்டா, எழுந்து உக்காரும்போது கோடு கழுத்துக்குழிக்கு கீழ நெஞ்செலும்பு மேல போய் நிக்கும், அந்த இடம்தான் தடிக்கற இடம். என் கோடு ஒரு விரல்கடை கீழ இறங்கி நிக்குது, எனக்கு உக்கார வெச்சு குறி போடல, கேக்கணும்னு எனக்கே அப்ப தோணல. நீங்க கேளுங்க. காது கீலாய்டையும் காட்டுங்க, முடியால மறைச்சுட்டு போக வேண்டாம், முன்கூட்டியே தெரிஞ்சா தையல் ஆறினதும் சிலிகான், தடிப்பு தெரிஞ்ச உடனே ஊசின்னு தயாரா இருப்பாங்க. வந்தப்புறம் வெறுமனே வெட்டி எடுத்தா கீலாய்டு பெரும்பாலும் திரும்ப வரும், முன்னையை விட பெருசாவும் வரும்.

மகளையும் அந்த ரூம்ல உக்கார வைங்க. அவ கழுத்து, அவளும் கேக்கட்டும்.

*

கேள்வி: எனக்கு 58 வயசு. ஒன்பது வருஷமா கழுத்துல இந்த கோடு. ஆரம்பத்துல கூச்சம், அப்புறம் பழகிப்போச்சு. போன மாசம் பொண்ணு கல்யாணம். ஆல்பம் டிசைன் வந்துச்சு, எல்லா போட்டோவுலயும் என் கழுத்துக் கோட்டை அழிச்சுட்டாங்க, என்னை கேக்கவே இல்ல. நல்லாத்தானே இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் அது நானா இல்லாத மாதிரி இருக்கு. இதை போய் சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்களா?
வாசகி, காரைக்குடி

பதில்: யார் நினைச்சாலும் நான் நினைக்க மாட்டேன். ஆபரேஷன் முடிஞ்ச வருஷம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்கு போனப்ப, கம்ப்யூட்டர் முன்னாடி இருந்த பையன் மவுஸை என் கழுத்து மேல வெச்சுட்டு "இதை எடுத்துடட்டுமா ஆன்ட்டி"ன்னு கேட்டான், நான் வேகமா தலையாட்டினேன். ரெண்டு கிளிக்ல போயிடுச்சு. அந்த எட்டு காப்பியில மீதி அஞ்சு இன்னும் என் பர்ஸ்லயே இருக்கு, எதுக்கும் குடுக்க மனசு வரல, என்னமோ ஆபரேஷனே நடக்காத வேற ஒருத்தி போட்டோ மாதிரி. அடுத்த தடவை போனப்ப அதே பையன் அதே கேள்வி கேட்டான், இருக்கட்டும்பான்னேன்.

உங்க பொண்ணு ஆபரேஷன் ராத்திரி உங்க பெட் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்திருப்பா, அவளுக்கு தெரிஞ்ச அம்மா கழுத்து இந்த கோடு உள்ளதுதான். இன்னும் டிசைன் கட்டத்துலதானே இருக்கு, பிரிண்டுக்கு போகலையே? நாளைக்கே போன் போட்டு, டச்சப் பண்ணாத ஒரிஜினல் ஃபைல் வேணும், என் கழுத்தை மட்டும் பழையபடி வெச்சு பேஜை மாத்துங்கன்னு சொல்லுங்க. பொண்ணையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு பேசுங்க. சிலர் ஆல்பம் டெலிவரி ஆனதும் ஒரிஜினலை அழிச்சுடுவாங்க, அதனால தள்ளிப் போடாதீங்க.